கிரகணத்தைக் கூடிக் காணுதல்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

சூரியகிரகணம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை நோக்குமிடத்து அவை பெரும்பாலும் இரு திறத்தனவாக அமைகின்றன. சந்திரன் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வருவதால் நிழல் விழுகின்றது என்னும் விஞ்ஞான விளக்கம் ஒன்று. ராகு கேது கதைகளையும் கிரகணகால விலக்குகளையும் தொகுத்து, அவற்றை மூடநம்பிக்கை எனக் கண்டிப்பதோ மரபு எனப் போற்றுவதோ மற்றையது. இவ்விரு வகை எழுத்துக்களும் ஒரு வினாவைத் தவறவிடுகின்றன. கிரகணத்தை மக்கள் எப்போது, யாருடைய அழைப்பின்பேரில், எந்த நோக்கத்துக்காக ஓரிடத்திற் கூடிநின்று பார்த்தனர்? வானத்தில் நிகழ்வது எங்கும் ஒன்றே. அதன்கீழ்க் கூடும் கூட்டமோ காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. இவ்வேறுபாட்டை இலங்கையிலும் அதன் அயலிலும் நிகழ்ந்த சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முயல்கின்றோம்.

கூடுதல் என்பது புதியதன்று. கிரகண காலத்தில் குருக்ஷேத்திரத்திலும் கடற்கரைத் தீர்த்தங்களிலும் பெருந்திரளாக மக்கள் நீராடுவது நெடுங்கால வழக்கம். ஆனால் அங்கு கூடுவோர் சூரியனைப் பார்ப்பதற்காகக் கூடுவதில்லை. கிரகணத்தின் தீட்டைக் கழுவுவதற்காகவே கூடுகின்றனர். வீடுகளில் நிகழ்வது இதற்கும் ஒருபடி மேலே. உணவுப் பாத்திரங்களில் தர்ப்பை இடப்படும், அடுப்பு அணைக்கப்படும், கர்ப்பிணிப் பெண்கள் உள்ளறையில் இருத்தப்படுவர். விலக்குகளின் பளு பெண்கள்மீதே, அதிலும் கருவுற்ற பெண்கள்மீதே, மிகுதியாக இறங்கியது என்பதை இவ்விடத்துக் குறித்துக்கொள்வது நலம். எனினும் இம்மரபினுள்ளேயே பார்த்தலுக்கு ஒரு சிறு வாயிலும் திறந்திருந்தது. சாணம் கரைத்த நீரில் சூரியனின் பிம்பத்தைப் பார்ப்பதும், தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தி அது நிற்கும்வரை கிரகணம் உளதெனக் கொள்வதும் நம் கிராமங்கள் அறிந்தவையே. உலக்கை எந்த நாளிலும் நிறுத்தினால் நிற்கும் என்பது வேறு விடயம். கலங்கல் நீரிற் பிம்பம் பார்த்தவர்களுக்கு நேரே பார்க்கக்கூடாது என்ற அனுபவ அறிவு இருந்தது. பார்க்கும் விருப்பமும் இருந்தது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்தல் வேண்டும். மேலைத்தேயத்தார் வரும்வரை நம்மவர் கிரகணத்தின் காரணத்தை அறியாதிருந்தனர் என்பது பொருந்தாக் கூற்று. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபடர் நிழல்களைக் கொண்டே கிரகணத்தை விளக்கினார். சித்தாந்த நூல்களின் கணிதத்தில் ராகு என்பது சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப்பாதையை வெட்டும் புள்ளி. கதையில் மட்டுமே அது பாம்பு. பஞ்சாங்கம் கணித்தவர் இரண்டையும் ஒருசேர வைத்திருந்தார்: கணிதம் தமக்கு, பாம்பு ஊருக்கு. ஆகவே நாம் எதிர்நோக்குவது அறிவுக்கும் அறியாமைக்கும் இடைப்பட்ட பிணக்கு அன்று. கணிக்கும் உரிமை சிலரிடமும் கதவடைத்திருக்கும் கடமை பலரிடமும் பங்கிடப்பட்டிருந்தமையே இங்கு பிரச்சினை.

இப்பங்கீட்டினை யாழ்ப்பாணத்திற் பகிரங்கமாகக் குலைக்க முயன்ற முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது. அது சந்திரகிரகணம், ஆயினும் நமது பொருளுக்கு நெருங்கியது. அராலி விசுவநாத சாஸ்திரியார் தமது பஞ்சாங்கத்தில் அக்கிரகணத்தின் தொடக்கம், நீடிக்கும் காலம், மறையும் பங்கு ஆகியவற்றைக் குறித்திருந்தார். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் தலைவர் டானியல் பூவர் ஐரோப்பிய முறைப்படி கணித்து, சாஸ்திரியாரின் கணிப்பு மூன்றிலும் பிழைக்கும் என அறிவித்தார். அன்றிரவு கடிகாரமும் தொலைகாட்டியும் கொண்டு கூடியிருந்தோர் முன்னிலையில் பூவரின் கணிப்பே பொருந்திற்று. எமர்சன் ரெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் இதனை மிஷனின் பெருவெற்றியாகவே எழுதுகின்றார்.

வெற்றி எவருக்கு என்பது அவ்வளவு எளிதிற் தீரும் வினாவன்று. பூவரின் நோக்கம் வானியலைப் பரப்புவது மட்டுமன்று. பஞ்சாங்கம் பிழைக்குமாயின் அதனோடு பின்னிய சமயமும் பிழைக்கும் எனக் காட்டுவதே. ஆனால் கூடியிருந்தோரிற் பலர் கண்டது வேறு. கணிப்புக்களை ஒப்பிட்டுச் சோதிக்கலாம் என்பதையும், சாஸ்திரியாராயினும் பாதிரியாராயினும் கடிகாரத்துக்கு விடைசொல்ல வேண்டும் என்பதையும் அவர்கள் கண்டனர். செமினரியில் ஆசிரியராயிருந்த ஹொய்சிங்டன் பின்னர் 1848இல் தமிழில் வெளியிட்ட ‘சோதிசாஸ்திரம்’ இந்திய முறையையும் ஐரோப்பிய முறையையும் அருகருகே வைத்து ஆராய்ந்தமை, சண்டையிடச் சென்றவர் கற்கவும் நேர்ந்ததற்குச் சான்று. பஞ்சாங்கமும் ஒழியவில்லை. வாக்கியமும் திருக்கணிதமும் யாழ்ப்பாணத்தில் இன்றும் அச்சாகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இன்றும் திண்ணைப் பேச்சுக்குரிய பொருளே.

மிஷனரியின் இடத்தில் ஆசிய மன்னர் ஒருவர் நின்று, ஐரோப்பியரைத் தமது விருந்தினராகக் கிரகணம் காண அழைத்த நிகழ்ச்சி 1868 ஓகஸ்ட் 18ஆம் திகதி சீயத்தில், இன்றைய தாய்லாந்தில், நடைபெற்றது. ஆசியாவின் கிரகணக் கூட்டங்களுள் இதனைப்போற் பொருள்பொதிந்தது பிறிதொன்றில்லை என்பது எமது கருத்து.

மொங்குட் மன்னர் அரியணை ஏறுமுன் 27 ஆண்டுகள் பிக்குவாக வாழ்ந்தவர். இலங்கைப் பிக்குகளோடும் தொடர்புகொண்டிருந்த அவர், இலத்தீனும் ஆங்கிலமும் கற்று, கோயிற் கணித நூல்களோடு ஐரோப்பிய வானியலையும் பயின்றார். 1858இல் பெரிய வால்வெள்ளி தோன்றியபோது அதற்கு அஞ்சவேண்டாமெனக் குடிகளுக்கு அறிவித்தல் விடுத்தவரும் அவரே. 1868ஆம் ஆண்டுக் கிரகணத்தின் நிழல் ஏடனிலிருந்து தென்னிந்தியா வழியாகச் சீயக் குடாவைக் கடப்பதையும், அங்கேயே இருள் மிக நீண்டு ஏறத்தாழ ஆறே முக்கால் நிமிடம் நிலைப்பதையும் அவர் கணித்தறிந்தார். அரண்மனைச் சோதிடருள் பலர் பூரண கிரகணம் நிகழும் என்பதையே ஏற்கவில்லை. மன்னர் தமது கணிப்பின்மீதே நின்று, குடாவின் மேற்குக் கரையிலுள்ள வாகோ என்னும் காட்டிடத்தைத் தேர்ந்தார்.

காடு வெட்டப்பட்டது. மூங்கிலும் ஓலையும் கொண்டு மாளிகையும் விருந்தினர் விடுதிகளும் எழுந்தன. மர்செய் வானாய்வகத்து ஸ்தெபானும், ராயே, திசெராண் ஆகியோரும் பிரான்சிலிருந்து கருவிகளுடன் வந்திறங்கினர். சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களின் தேசாதிபதி சேர் ஹரி ஓர்ட் தமது பரிவாரத்துடன் வந்தார். அரச குடும்பத்தினர், அமைச்சர், படைவீரர், ஏவலாளர் எனப் பெருங்கூட்டம் கடல்வழி வந்து சேர்ந்தது. யானைகளும் கொண்டுவரப்பட்டன. காலையில் முகில் மூடியிருந்து இருளுக்குச் சற்று முன்னரே விலகிற்று. கிரகணம் தொடங்கியதும் மன்னர் மரபுவழி நீராட்டுச் சடங்கைச் செய்து முடித்தார். அதன்பின் தொலைகாட்டியிற் கண்வைத்தார். கணித்த வேளையிற் சூரியன் மறைந்தது.

இவ்விருந்தின் அரசியலை விளங்கிக்கொள்ள அக்காலச் சூழலை மனங்கொள்ள வேண்டும். 1855இல் பிரித்தானியரோடு செய்த உடன்படிக்கையாற் சீயம் தன் வணிக வரிமீதுள்ள அதிகாரத்தையும் வேற்றுநாட்டவர்மீதுள்ள நீதி அதிகாரத்தையும் பெருமளவுக்கு இழந்திருந்தது. 1867இல் கம்போடியாமீது தனக்கிருந்த உரிமையைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தது. ‘நாகரிகமற்ற’ நாடுகளுக்கு நாகரிகம் கற்பிக்கவே வந்தோம் என்பது அவ்விரு வல்லரசுகளும் சொன்ன நியாயம். அவ்வல்லரசுகளின் பிரதிநிதிகளையே தமது கூரையின்கீழ் இருத்தி, தாம் குறித்த இடத்தில், தாம் குறித்த வேளையில் சூரியன் மறைவதைக் காட்டியதன்மூலம் மொங்குட் அந்நியாயத்துக்கு விடையளித்தார். அதே வேளையில் சோதிடரையும் கண்டித்து அடக்கினார். ஒரே நிழல் இரு திசைகளில் வீசப்பட்டது எனலாம்.

விலை பெரிது. வாகோவின் சதுப்புநிலக் காய்ச்சல் கூட்டத்திற் பலரைப் பற்றிற்று. பாங்கொக் திரும்பிய மன்னர் மலேரியாவால் வீழ்ந்து, அவ்வாண்டு ஒக்ரோபர் முதலாம் திகதி உயிர்நீத்தார். அவருடன் சென்ற பதினைந்து வயது மகன் சுலலங்கோணும் நோயுற்றான். ஆனால் பிழைத்து அரசனானான். வாகோவுக்கு வந்த குடிமக்கள் வெட்டவும் சுமக்கவும் வந்தவரே என்பதையும் மறைக்கலாகாது. பார்த்தவர் யார், பார்ப்போருக்குப் பந்தல் இட்டவர் யார் என்ற வேறுபாடு அங்கும் இருந்தது. சீயத்தின் இறைமையை நிலைநாட்ட விழைந்த அரசு, சீயக் குடியானவனின் கையிற் புகைக்கண்ணாடி ஒன்றைக் கொடுப்பதைத் தன் பணியாகக் கருதவில்லை.

அதே நாளில், அதே நிழலின் மேற்குப் பகுதியில், ஆந்திரத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் சூரியனின் விளிம்புச் சுவாலைகளின் நிறமாலையை ஆராய்ந்தார்; ஹீலியம் என்னும் மூலகத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. இதனை எல்லாப் பாடநூல்களும் கூறுவதால் இங்கு விரிக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின்கீழ் நிகழ்ந்த கிரகண முகாம்களில் உள்ளூர் மக்களுக்கு என்ன இடம் இருந்தது என்பதே நமது அக்கறை. 1871 டிசெம்பர் 12ஆம் திகதிக் கிரகணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பாதை மலையாளக் கரையின் பேக்கல், நீலகிரி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை எனச் சென்றது. பிரித்தானியக் குழுக்கள் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் நிலைகொண்டன. பின்னர் ‘சலஞ்சர்’ கப்பலிற் புகழ்பெற்ற இயற்கை ஆய்வாளர் மோஸ்லி திருகோணமலையில் நிறமாலையை நோக்கியதோடு, இலங்கையின் தட்டைப்புழுக்களையும் சேகரித்துச் சென்றார். பேக்கற் கோட்டையில் இருந்த லொக்யரின் குறிப்புக்களோ வேறொன்றைத் தெரிவிக்கின்றன. கோட்டைக்குக் கீழே மக்கள் தீ மூட்ட முயன்றனர். புகை கருவிகளை மறைக்கும் என்பதாற் பொலிசார் அத்தீயை அணைத்தனர். அறிக்கைகளில் ஊர்மக்கள் வருவது இவ்வாறே: கூக்குரலாக, புகையாக, இடையூறாக. பார்வையாளராக அவர்கள் எண்ணப்படவில்லை.

இக்காலத்தில் வேறு வழியை நாடிய ஒருவரைக் குறிப்பிடாது செல்லல் தகாது. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1868ஆம் ஆண்டுக் கிரகணத்தைத் தாமே நோக்கியவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியை முன்னிட்டு, பண்டிதர் ஒருவரோடு உரையாடும் வடிவில் அவர் இயற்றிய சிற்றேடு இந்திய மொழிகள் சிலவற்றில் வெளிவந்தது. ஆணையாகவோ ஏளனமாகவோ அன்றி, எதிர்த்தரப்பாரைப் பேசவிட்டு விடைசொல்லும் அம்முறை நமது மரபுக்கு அந்நியமானதன்று. மக்கள் விஞ்ஞான எழுத்தின் முன்னோடியாக அவரைக் கொள்ள இடமுண்டு.

சுதந்திரம் பெற்ற இலங்கையின்மேற் பூரண கிரகணத்தின் நிழல் 1955 யூன் 20ஆம் திகதி காலையில் விழுந்தது. ஏழு நிமிடங்களுக்கு மேல் நீடித்த அது இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட பூரண கிரகணம். அந்த உச்ச அளவு இலங்கைக்குக் கிழக்கே நெடுந்தூரத்திலேயே எய்தப்பட்டது எனினும், இங்கும் இருள் சில நிமிடம் நிலைத்தது. பொலனறுவை, ஹிங்குராகொடைப் பகுதிகளிற் பல நாட்டு வானியலாளர் முகாமிட்டனர். பருவக்காற்று முகில் அவர்களுள் பலரது ஆயத்தத்தைப் பாழாக்கிற்று.

அவ்வாண்டுக் கிரகணத்தை இலங்கை மக்கள் நினைவில் வைத்திருப்பது வானியலாளரின் ஏமாற்றத்துக்காக அன்று. வதகஹ எனச் சிங்களத்தில் வழங்கும் வசம்பைக் கிரகண வேளையில் அருந்தினால் மேனி வெளுத்து அழகுண்டாகும் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. அதனை நம்பி அருந்திய பெண்கள் பலர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அந்நிகழ்ச்சி சிங்களப் பேச்சுவழக்கில் ஏளனத் தொடராகவும் நிலைத்துவிட்டது. வசம்பு நமக்கு அந்நியமானதன்று. பிள்ளை வளர்ப்பான் என்ற பெயரோடு ஒவ்வொரு தாயின் கைமருந்துப் பெட்டியிலும் இருந்த பொருள். ஏளனத்தோடு இதனை விட்டுவிடுவோர் இரண்டு உண்மைகளைக் காணத் தவறுகின்றனர். ஒன்று, வெண்மையே அழகு என்ற கருத்தைப் பெண்கள் தாமாகப் படைத்துக்கொள்ளவில்லை. குடியேற்ற ஆட்சியும் கலியாணச் சந்தையும் கூடி அதனை அவர்கள்மேற் சுமத்தின. மற்றது, அரசும் அறிஞரும் அயல்நாட்டு முகாம்களை வரவேற்ற அளவுக்குக் கிராமத்துப் பெண்ணொருத்தியிடம் இன்ன நாளில் இன்னது நிகழும், இவ்வாறு பார்க்கலாம் என்று சொல்லச் சென்றிருப்பின் வதந்திக்கு அத்தனை பெரிய வெற்றிடம் கிடைத்திராது. ஹிங்குராகொடையில் தொலைகாட்டியும் அடுத்த கிராமத்தில் வசம்புக் கஷாயமும் ஒரே காலையில் இருந்தன. இரண்டுக்கும் இடையே பாதை இல்லை.

வெற்றிடத்தை அச்சத்தாலும் நிரப்பலாம் என்பதை 1980 பெப்ருவரி 16ஆம் திகதிக் கிரகணத்தின்போது இந்தியா காட்டிற்று. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஒரிசாவிலும் பூரணமாகத் தெரிந்த அக்கிரகணத்தின்போது, கண் கெடும் என்ற எச்சரிக்கைகள் பத்திரிகைகளிலும் வானொலியிலும் இடைவிடாது வெளிவந்தன. பகற்பொழுதில் பெருநகரத் தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டினுள் இருத்துவதற்கெனத் தொலைக்காட்சி திரைப்படமொன்றை ஒளிபரப்பியது. பாட்டி சொன்னதும் அரசு சொன்னதும் அன்று ஒன்றாயின: உள்ளே இரு, பாராதே. காரணம் மட்டும் ராகுவிலிருந்து விழித்திரைக்கு மாறியிருந்தது.

எச்சரிக்கையில் உண்மை இல்லையென்று நாம் கூறவரவில்லை. விழித்திரையில் வலியுணரும் நரம்பு இல்லாமையால் அது சுடுவதைப் பார்ப்பவர் அறியார். பார்வை மங்கியது சில மணிநேரத்தின் பின்னரே தெரியவரும். நமது தலைமுறைகள் நம்பிய புகைக்கண்ணாடியும் பழைய எக்ஸ்-கதிர்ப் படலமும் ஒளியைக் குறைத்தாலும் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதற்கு உறுதியில்லை. அவற்றைக் கைவிடவே வேண்டும். ஆனால் ஆபத்தைச் சொல்லி அதனைத் தவிர்க்கும் வழியைச் சொல்லாது விடுவது அறிவூட்டல் ஆகாது. காகித அட்டையில் ஊசித்துளையிட்டுச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் வீழ்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. வேப்பமர நிழலில் நின்றால் இலைகளின் இடைவெளிகளே துளைகளாகி, நிலமெங்கும் பிறைப் பிம்பங்களைப் பரப்பும்.

1980க்கும் 1995க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் தானாக வந்ததன்று. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987இல் இந்தியா முழுவதும் சென்ற மக்கள் விஞ்ஞான யாத்திரையும் அதற்கு நிலம் பண்படுத்தின. 1995 ஒக்ரோபர் 24ஆம் திகதி ராஜஸ்தானிலிருந்து வங்கத்தின் டயமண்ட் ஹார்பர்வரை சென்ற நிழல் ஒரு நிமிடமளவே ஓரிடத்தில் நின்றது. ஆயினும் இம்முறை மக்கள் வெளியே வந்தனர். உலோகப்பூச்சிட்ட மென்படலக் கண்ணாடிகள் முன்கூட்டியே பரப்பப்பட்டன. ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதே தொலைக்காட்சி கிரகணத்தை நேரடியாக ஒளிபரப்பியது. கிரகண வேளையிற் கூடி உண்ணும் நிகழ்ச்சிகளையும் பகுத்தறிவாளர் நடத்தி வந்துள்ளனர். விலக்கை நேருக்குநேர் மீறுவதில் ஒரு துணிவு உண்டு. எனினும் உண்பது விலக்குக்கு விடையாகுமேயன்றி வானத்துக்கு விடையாகாது. உண்டு முடித்தபின் மேலே பார்க்கவும் கற்பித்த இயக்கங்களின் பணியே ஆழமானதென்று கருதுகின்றோம்.

வட இலங்கைக்கு இவ்வாய்ப்பு இரண்டு கங்கண கிரகணங்களின் வடிவில் வந்தது. 2010 சனவரி 15ஆம் திகதி நண்பகலின் பின், இராமேசுவரத்தையும் யாழ்ப்பாணத்தையும் தழுவிச் சென்ற நிழலின்கீழ்ச் சூரியன் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஒளிவளையமாய் நின்றது. போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அன்று தை அமாவாசை. பிதிர்க்கடன் செய்யும் நாள். கடன் செய்யவேண்டிய வீடுகள் எத்தனை என்பதை இவ்விதழின் வாசகருக்கு நாம் கூறவேண்டியதில்லை. தெற்கிலிருந்து வானியல் ஆர்வலர் வடக்கே வந்தனர். பல்லாண்டுகளாக வானத்தை நோக்குவதென்றால் விமானத்தின் இரைச்சல் கேட்டு அஞ்சி நோக்குவதாகவே அறிந்திருந்த பிள்ளைகள், அன்று அச்சமின்றி அண்ணாந்தனர்.

அடுத்தது 2019 டிசெம்பர் 26ஆம் திகதி காலை, மன்னார் முதல் திருகோணமலைவரை. வளையம் தோன்றியது காலை ஒன்பதரை மணியளவில். அதே காலை 9.25க்குச் சுனாமியில் இறந்தோரை நினைந்து நாடு இரு நிமிடம் மௌனம் காத்தது. அப்பேரழிவின் பதினைந்தாம் ஆண்டு அது. கிழக்குக் கரையில் ஒரே மணித்தியாலத்தில் தலை குனியவும் நிமிரவும் வேண்டியிருந்தது.

2031 மே 21ஆம் திகதி இன்னொரு கங்கண கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடபகுதியை அணுகவுள்ளது. அதற்கான கூட்டங்களை ஒழுங்குசெய்வோர் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இப்போதே பேசத் தொடங்கலாம். வரலாற்று மாணவருக்கோ அதனினும் அவசரமான பணியொன்றுண்டு. 1955 யூன் காலையில் பத்து வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்துள்ளனர். அன்று எந்த வீட்டிற் கதவடைத்தனர், எந்தப் பாடசாலை முற்றத்திற் கண்ணாடிக்குப் புகை பிடித்தனர், வசம்பின் கதையைத் தமிழ்க் கிராமங்களில் யார் கொண்டுவந்தனர், குடித்தவர் யார் என்பவற்றை அவர்களிடமே கேட்டுப் பதிய வேண்டும். ஆண்களிடம் கேட்பதோடு அமையாது, அன்று உள்ளறையில் இருத்தப்பட்ட பெண்களிடமும் கேட்டல் வேண்டும்.